சால்மன் மீனின் முட்டையில் தயமின் குறைந்தால் குஞ்சுகள் ஏன் சாகின்றன?

தயமின் என்பது வைட்டமின் பி1. உணவை ஆற்றலாக மாற்ற உடலுக்கு இது வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதல் சில வாரங்கள் மஞ்சள் கருவை மட்டுமே நம்பி வாழ்கிறது. தாய் அதில் சேர்த்துவைத்த தயமின்தான் அதன் ஒரே இருப்பு. அது குறைந்தால், மஞ்சள் கருவில் கொழுப்பும் புரதமும் நிறைந்திருந்தும் பயனில்லை. விறகு குவிந்து கிடக்கும், பற்றவைக்கத் தீக்குச்சி இருக்காது.

தாயிடம் குறைவதற்குக் காரணம் அது தின்ற இரை. கலிபோர்னியாவின் சினூக் வகை சால்மன்கள் கடலில் நெத்திலியையே அதிகம் தின்றன. நெத்திலியில் தயமினைச் சிதைக்கும் நொதி உண்டு. 2020இல் அங்கே பொரிப்பகங்களில், அதாவது மீன்முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கும் இடங்களில், குஞ்சுகள் சுழன்று சுழன்று நீந்தி மடிந்தன. பார்க்கவே நெஞ்சு பதறும் சாவு அது. ஆனால் தயமின் கலந்த நீரில் விட்டால் பல குஞ்சுகள் தேறிவிடுகின்றன.

கூட்டமாகச் சாவதால் தொற்றுநோய் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரு குஞ்சிடமிருந்து இன்னொன்றுக்கு இது பரவாது, ஒரே தாயின் குறை எல்லா முட்டைகளிலும் இருப்பதால்தான் சேர்ந்து சாகின்றன.