எவிடன்ஸும் ப்ரூஃபும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். தன் வீட்டுக் காப்பித் தோட்டத்துக்குள் காட்டுமாடு வந்துபோனதைப் பற்றி ஒரு மாணவன் கட்டுரை எழுதியிருந்தான். ‘தேர் ஆர் மெனி எவிடன்சஸ்’ என்று தொடங்கி, குளம்புத் தடம், சாணம், ஒடிந்த கிளைகள் என மூன்றைச் சொல்லிவிட்டு, ‘திஸ் இஸ் எ ப்ரூஃப்’ என்று முடித்திருந்தான். எவிடன்சஸ் என்பதைத் திருத்தி ஒரு மதிப்பெண் குறைத்தேன். சேலம் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் அவனுடைய மாமா, “நாங்கள் தினமும் எழுதுகிற சொல், இதில் என்ன பிழை?” என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். யார் சொல்வது சரி? எவிடன்ஸ், ப்ரூஃப் இரண்டுமே நமக்கு ஆதாரம்தானே?

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் திருத்தியது சரி. இன்றைய பொது ஆங்கிலத்தில் எவிடன்ஸ் எண்ணிச் சொல்லும் சொல் இல்லை, அரிசி மாதிரி. சேலம் லீ பஜாரில் போய் “இரண்டு அரிசி கொடுங்கள்” என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு கிலோ, இரண்டு மூட்டை என்போம். அப்படித்தான் ‘ஆன் எவிடன்ஸ்’ கிடையாது, ‘எ பீஸ் ஆஃப் எவிடன்ஸ்’ உண்டு. ‘மெனி’ ஒட்டாது, ‘மச்’ ஒட்டும். தமிழில் ஒரு ஆதாரம், மூன்று ஆதாரங்கள் என்று எண்ணிப் பழகியவன் அதையே ஆங்கிலத்திலும் எழுதிவிட்டான்.

வக்கீல் மாமா சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் எவிடன்சஸ் தாராளமாக வரும். நம் கோர்ட் ஆங்கிலத்தில் அது இன்னும் புழங்குகிறது. பள்ளிக் கட்டுரைக்கு இன்றைய வழக்கைத்தான் கற்பிக்க வேண்டும்.

ஆனால் நான் நிறைய நேரம் யோசித்தது உங்கள் இரண்டாவது கேள்வியைப் பற்றி. இரண்டும் ஆதாரம்தான் என்று விட்டுவிட்டால் பெரிய நஷ்டம். எவிடன்ஸ் கொஞ்சம் இருக்கலாம், நிறைய இருக்கலாம், பலவீனமாகவும் இருக்கலாம், ஒன்றுக்கொன்று முரண்படவும் செய்யலாம். குளம்புத் தடம் மட்டும் இருந்தால் பக்கத்து வீட்டு மாட்டுடையதாக இருக்கலாம். சாணமும் சேர்ந்தால் தராசு கொஞ்சம் சாய்கிறது. விடியற்காலையில் ஒருவர் கண்ணால் பார்த்தேன் என்றால் இன்னும் சாய்கிறது. இனிமேல் சந்தேகப்பட நியாயமில்லை என்ற இடத்துக்கு வந்த பிறகுதான் ப்ரூஃப். அதனால்தான் ஆங்கிலத்தில் எவிடன்ஸ் எதிர்ப்பக்கத்துக்கும் இருக்க முடிகிறது: ‘எவிடன்ஸ் ஃபார்’, ‘எவிடன்ஸ் அகெய்ன்ஸ்ட்’. ஒரே விஷயத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் ப்ரூஃப் இருக்க முடியாது.

ப்ரூஃப் என்ற சொல்லின் லத்தீன் வேர் ‘சோதித்துப் பார்ப்பது’ என்று பொருள் தருவது. நான் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவன். அங்கே ப்ரூஃப் என்றால் பிழை தேட எடுக்கும் சோதனைத் தாள், அச்சாகி முடிந்த புத்தகம் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளியை உரைகல்லில் உரசிப் பார்க்கிறார்களே, அதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். எவிடன்ஸின் வேர் ‘பார்ப்பது’. நம் சாட்சி என்ற சொல்லுக்குள்ளும் கண்தான் இருக்கிறது. கண்ணில் படுவது ஒன்று, உரசிப் பார்த்து உறுதி செய்வது வேறொன்று.

மாமாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டம், ஒரு விஷயம் மூன்று நிலைகளில் இருக்கலாம் என்றது: மெய்ப்பிக்கப்பட்டது, பொய் என்று மெய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்திலும் இந்த மூன்றும் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது அந்த மூன்றாவது நிலை. அன்றாடப் பேச்சில் நாம் தொலைப்பதும் அதைத்தான். தோட்டத்தில் சிறுத்தை நடமாடுகிறது என்று பேச்சு வரும். தேடிப் போனவர்களுக்குத் தடம் கிடைக்காது. உடனே “ஆதாரமே இல்லை, புரளி” என்று வாட்ஸப்பில் போட்டுவிடுவார்கள். தடம் கிடைக்கவில்லை என்பது வரை உண்மை. சிறுத்தை வரவில்லை என்று சொல்ல, பாதைகளில் கேமரா வைத்துப் பல இரவு பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு தேடினோம் என்பதைச் சொல்லாமல் ‘நோ எவிடன்ஸ்’ என்று எழுதுவதை மாணவர்களிடம் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

இன்னொன்று, ‘ஆஃப்’ என்ற சிறு சொல். ஜெராக்ஸ் கடையில் நாம் சொல்லும் அட்ரஸ் ப்ரூஃப், பொது ஆங்கிலத்தில் ‘ப்ரூஃப் ஆஃப் அட்ரஸ்’. எதற்கான ப்ரூஃப் என்று அந்த ‘ஆஃப்’ கேட்டு வாங்கிவிடும். ஆதார் அடையாளத்துக்குச் சான்று, குடியுரிமைக்கு அல்ல என்று ஆதார் கடிதத்திலேயே அச்சிட்டிருப்பதை வகுப்பில் காட்டுங்கள். ஒரே தாள் ஒன்றுக்கு ப்ரூஃப், மற்றொன்றுக்கு இல்லை என்பது ஒன்பதாம் வகுப்புக்குச் சட்டென்று புரியும்.

வினைச்சொற்களையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். ‘சஜெஸ்ட்ஸ்’ என்றால் அப்படி இருக்கலாம் என்று தோன்றுகிறது. ‘இண்டிகேட்ஸ்’ அதற்கு ஒரு படி மேலே. ‘ஷோஸ்’ நன்றாகவே காட்டுகிறது. ‘ப்ரூவ்ஸ்’ கடைசிப் படி, கணக்கு வகுப்புக்கு வெளியே அரிதாகத்தான் அதில் கால் வைக்க வேண்டும்.

சரி, அந்தக் கட்டுரைக்கு வருவோம். முதல் வாக்கியம் ‘தேர் இஸ் ஸ்ட்ராங் எவிடன்ஸ் தட் எ கௌர் என்டர்ட் அவர் எஸ்டேட்’ என்று இருக்கட்டும். கௌர் என்றால் காட்டுமாடு. கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். குறைத்த மதிப்பெண்ணை முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், டீச்சர். மாடு வந்தது என்று சொல்வதோடு நிற்காமல், தடம், சாணம், கிளை என்று அவன் தனித்தனியாகப் பார்த்து எழுதியிருக்கிறான்.