ஆற்று நீரில் நைட்ரேட்: உரமா, சாக்கடையா?

கேள்வி: எங்கள் ஆற்று நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்று ஆய்வறிக்கை வந்துள்ளது. வயல் உரமே காரணம் என்கிறது நகராட்சி. உழவர்களோ சாக்கடையைக் காட்டுகிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: அந்த அறிக்கையை வைத்து இருவரில் எவர் மீதும் பழி சொல்ல இயலாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த 50 மில்லிகிராம் வரம்பு மீறப்பட்டுள்ளது என்பதற்கு மேல் அதில் எதுவுமில்லை. உரத்தில் இருந்து வந்தாலும் கழிவறையில் இருந்து வந்தாலும் நைட்ரேட் நைட்ரேட்தான். ஆகவே அதனுடன் சேர்ந்து வரும் தடங்காட்டிப் பொருள்களைத் தேட வேண்டும். சுக்ரலோஸ், அசிசல்ஃபேம் போன்ற செயற்கை இனிப்பூட்டிகள் மனித உடலில் பெரும்பாலும் மாறாமல் வெளியேறுபவை. உர மூட்டையில் அவை இருப்பதில்லை. கஃபீன் சுத்திகரிப்பு நிலையத்தில் பெருமளவு சிதைந்துவிடும் என்பதால், அது மிகுந்திருந்தால் சுத்திகரிக்காத சாக்கடை நேரடியாக ஆற்றில் விழுகிறது என்று கொள்ளலாம்.

நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் ஐசோடோப்பும், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் நைட்ரஜன் அணு வகைகளின் விகிதமும், உதவும். கனமான நைட்ரஜன் காற்றில் உள்ளதைவிட எவ்வளவு கூடுதல் என்பதே அதன் மதிப்பு; இரசாயன உரத்துக்கு அது பூஜ்யத்தை ஒட்டியும், சாக்கடைக்கும் சாணத்துக்கும் பெரும்பாலும் ஆயிரத்துக்கு 8-க்கு மேலும் இருக்கும். ஆனால் ஒரு விலக்கை மறக்கவே கூடாது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நைட்ரேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் எடை குறைந்த நைட்ரஜனையே முதலில் எடுத்துக்கொள்வதால், மிஞ்சுவது கனத்துப்போய், உரத்தின் நைட்ரேட்டே சாக்கடையுடையதுபோல் தோற்றம் தரும். இதனால் வீண்பழி வந்துவிடக் கூடாது. எனவே நைட்ரேட்டின் ஆக்சிஜன் ஐசோடோப்பையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். நைட்ரேட்டின் அளவு குறையக் குறைய இரண்டு மதிப்புகளும் ஒருசேர ஏறினால், அது பாக்டீரியாவின் வேலை.

'நாற்பது பரிசோதனை, ஒரே கட்டணம்' என்று வரும் தரகர்களிடம் ஏமாறாதீர்கள். காரகாடித்தன்மை, கடினத்தன்மை என்று பக்கங்களை நிரப்புவார்கள். உங்கள் கேள்விக்குரிய ஒரு பொருளும் அதில் இராது. மாதிரி நீரையும் தாங்களே எடுத்து வருவதாகச் சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். எங்கே, எப்போது எடுத்தது என்று தெரியாத நீரால் எதையும் நிரூபிக்க முடியாது. வயல்களுக்கு மேலே, வயல்களுக்கும் சாக்கடை வாய்க்கும் இடையே, சாக்கடைக்குக் கீழே என மூன்று இடங்களில் ஒரே நாளில், உங்கள் கண்முன்னே எடுக்க வேண்டும். நிறக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, முத்திரையிட்டு அனுப்புங்கள். எடுப்பவர் காபி குடித்த கையோடு புட்டியைத் தொட்டாலே கஃபீன் அளவு பொய்யாகிவிடும், கையுறை கட்டாயம்.

வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டுமே அளந்து, யாருடையது என்று ஒருபோதும் கேட்காத கண்காணிப்பு முறைதான் உங்களை இப்படி அலையவிடுகிறது. அந்தக் கேள்வியை நீங்களே எழுத்தில் கேளுங்கள். நீரோட்டம் குறைந்த காலத்தில் ஒருமுறையும், உரமிட்டபின் பெய்யும் முதல் பெருமழையில் ஒருமுறையும் மாதிரி எடுக்கும்படி வலியுறுத்துங்கள். சாக்கடை எந்நாளும் விழுந்துகொண்டிருக்கும், உரமோ பெரும்பாலும் மழையோடுதான் இறங்கும்.