சூடான் சண்டைக்குத் தண்ணீர்ப் பஞ்சம்தான் காரணமா?

கேள்வி: சூடானில், குறிப்பாக டார்ஃபுரில், இவ்வளவு சண்டையும் அகதிகளும் உருவாக மழை பொய்த்ததுதான் மூல காரணம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் சொல்லி மீதியை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குத் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். போர்வெல் வண்டியில் வேலை. 2016 முதல் 2023 ஏப்ரல் வரை சூடானில் ரிக் ஓட்டினேன், பெரும்பாலும் வடக்கு கொர்டோஃபான் மாநிலத்தில். டார்ஃபுர் அதற்கு மேற்கே இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. ஆனால் எங்கள் ரிக்கில் ஹெல்பராக இருந்த பையன் டார்ஃபுர்க்காரன். அவன் குடும்பம் இன்னும் அங்கேயே இருப்பதால் பெயர் எழுதவில்லை.

ஆழமான போர்வெல், மோட்டார், மேல்நிலைத் தொட்டி, ஆடுமாடு குடிக்க நீளத் தொட்டிகள் எல்லாம் சேர்ந்த இடத்துக்கு அந்த ஊரில் 'டோங்கி' என்று பெயர். கோடையில் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் ஒரே டோங்கியை நம்பித்தான் இருக்கும். ஒருமுறை மோட்டார் மாற்றப் போன இடத்தில் நான்கு நாள் தங்கினோம். விடிந்ததும் ஊர்ப் பெண்கள் கழுதைகளில் கேன் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்கள் முடித்த பிறகு ஆடு, அப்புறம் மாடு, கடைசியில் ஒட்டகம். "ஒட்டகம் பொறுத்துக்கொள்ளும்" என்றார் காவலாளி. இருநூறு ஒட்டகமாவது இருக்கும், தூரத்தில் மண்டியிட்டுப் படுத்திருந்தன. யாரும் முண்டியடிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு வாலிபன் தன் மாடுகளை முன்னால் ஓட்டப் பார்த்தான். கம்பு வீசினார்கள், ஒருவனுக்கு நெற்றி கிழிந்தது. எனக்குக் கைகால் நடுங்கியது. சாயங்காலம் இரண்டு தரப்புப் பெரியவர்களும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அவர்களை 'அஜாவீத்' என்பார்கள், நம்மூர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்கள் மாதிரிதான். சர்க்கரை பாதி, டீ பாதியாக நாலு கிளாஸ் போயிற்று. இரவுத் தொழுகைக்கு முன் பேச்சு முடிந்தது. அடித்தவன் தரப்பு ஓர் ஆடு கொடுப்பதென்று முடிவு. மறுநாள் காலை அதே வரிசை.

பஞ்சத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். தண்ணீரைப் பங்கு போட அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டார்ஃபுரிலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. ஃபுர், மசாலித் போன்ற மக்கள் பெரும்பாலும் விவசாயிகள். ஒட்டகமும் மாடும் மேய்ப்பவர்களில் பெரும்பகுதி அரபு இனக்குழுக்கள். மந்தைகள் வடக்கே போய்த் தெற்கே திரும்புவதற்கென்று வழித்தடங்கள் உண்டு. அறுவடை முடிந்த கொல்லையில் மாடு இறங்கும். சாணம் விவசாயிக்கு, தட்டு மாட்டுக்கு. ஊரை நடத்திவந்த பாரம்பரியத் தலைவர்களின் அதிகாரத்தை 1971இல் சூடானை ஆண்ட நுமைரியின் ராணுவ ஆட்சி பறித்தது. அந்த இடத்தை வேறு யாராலும் சரியாக நிரப்ப முடியவில்லை. 1984, 85இல் கொடிய பஞ்சம் வந்தது, மந்தைகள் முன்பைவிடச் சீக்கிரமாகத் தெற்கே இறங்கின. அதே காலத்தில் லிபியா, சாட் சண்டையிலிருந்து துப்பாக்கிகள் கொட்டின. கம்பு இருந்த கையில் கலாஷ்னிகோவ் வந்துவிட்டால் எந்த ஆடும் பஞ்சாயத்துக்குப் போதாது.

2007இல் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன், டார்ஃபுர் பிரச்சினை ஒரு சூழலியல் நெருக்கடியாகத் தொடங்கியது என்று எழுதினார். உங்கள் கேள்வியில் இருக்கும் கருத்து பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அங்கே மழை சட்டென்று குறைந்தது 1970களின் தொடக்கத்தில். பெரிய போர் வெடித்தது 2003இல். நடுவில் முப்பது வருடம். 2003இல் நடந்தது என்ன? ஆயுதம் ஏந்திய கிளர்ச்சியை அடக்க, அன்றைய அதிபர் ஒமர் அல் பஷீரின் அரசு ஜன்ஜவீத் என்ற படைக்கு ஆயுதம் கொடுத்து ஊர்களுக்குள் அனுப்பியது. மேலே விமானம் குண்டு போட்டது, கீழே இவர்கள் எரித்தார்கள். சுமார் 3 லட்சம் பேர் செத்திருக்கலாம் என்பது ஐ.நா. கணக்கு. ஊர்க் கிணறுகளில் செத்த விலங்குகளைப் போட்டு நாறடித்தார்கள். ஒரு கிணறு கிடைக்க எத்தனை நாள் வேர்வை சிந்த வேண்டும் என்று தெரிந்தவன் நான். தண்ணீருக்காகச் சண்டை போடுபவன் எவனும் தண்ணீரைக் கெடுக்க மாட்டான். ஆளை ஊரைவிட்டுத் துரத்த நினைப்பவன்தான் அதைச் செய்வான்.

அந்த ஜன்ஜவீத்தான் 2013இல் ஆர்.எஸ்.எஃப். (விரைவு ஆதரவுப் படை) என்று பெயர் மாறியது. தலைவர் ஹெமெத்தி. டார்ஃபுரில் இருக்கும் ஜெபல் ஆமிர் தங்கச் சுரங்கம் 2017இல் அவர் கைக்குப் போனது. 2021இல் அவரும் ராணுவத் தளபதி புர்ஹானும் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தார்கள். 2023 ஏப்ரல் 15 அன்று இருவருமே மோதிக்கொண்டார்கள். மோதிய இடம் தலைநகர் கார்த்தூம். நீல நைலும் வெள்ளை நைலும் கூடுகிற ஊர்! தண்ணீர்ப் பஞ்சத்தால் வந்த சண்டை என்றால் அங்கே எப்படி வரும்?

அன்று நான் கார்த்தூமை ஒட்டி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பஹ்ரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். ரமலான் மாதம். முதல் நாளே அந்தப் பகுதியின் குடிநீர் நிலையம் நின்றுபோனது. ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது, குழாயில் சொட்டுக்கூட இல்லை. அங்கே பல வீட்டு வாசலில் 'ஸீர்' என்று பெரிய மண்பானை இருக்கும், வழிப்போக்கர்களுக்காக. நம் தண்ணீர்ப் பந்தல்போல. எதிர்வீட்டுப் பாட்டி தன் ஸீரில் கடைசியாகக் கிடந்த தண்ணீரை எங்கள் ஐந்து பேருக்கும் பங்கிட்டு ஊற்றினார். பகல் முழுக்க நோன்பு அவருக்கு. அப்புறம் பஸ் பிடித்து போர்ட் சூடான், கடற்படைக் கப்பலில் ஜித்தா, விமானத்தில் வீடு. ஆபரேஷன் காவேரி என்று பெயர் வைத்து 3,800க்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் அரசு மீட்டது. நாங்கள் தப்பித்தோம். அந்தப் பாட்டி என்ன ஆனார் என்ற செய்தியே இல்லை.

எங்கள் ஹெல்பர் பையன் வீட்டாரைத் தேடி வடக்கு டார்ஃபுரின் தலைநகரான அல் ஃபாஷருக்குப் போனான். 2024 மே மாதம் தொடங்கி அந்த ஊரை ஆர்.எஸ்.எஃப். முற்றுகையிட்டது. பக்கத்திலிருந்த ஸம்ஸம் அகதி முகாமில் பஞ்சம் என்று அந்த ஆகஸ்டிலேயே உறுதிசெய்தார்கள். அப்புறம் ஊரைச் சுற்றி 30 கிலோமீட்டருக்கும் மேல் மண்கரை எழுப்பினார்கள், ஒரு மூட்டை தானியம் உள்ளே போகக் கூடாதென்று. 2025 அக்டோபர் 26 அன்று ஊர் விழுந்தது.

முற்றுகை நாட்களில் எப்போதாவது அவன் குரல் செய்தி வரும். ஒன்றில் "அம்பாஸ் சாப்பிடுகிறோம்" என்றான். எனக்குப் புரியவில்லை, விளக்கினான். கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை. புண்ணாக்கு! எங்கள் வீட்டில் எருமைக்கு ஊறவைக்கும் அதே கடலைப் புண்ணாக்கு. எள்ளும் கடலையும் உலகத்துக்கு ஏற்றுமதி செய்யும் நாடு சூடான். சோளத்தைப் பயிராக்கிய ஆதி இடங்களில் ஒன்று அது. அவர்கள் கிண்டும் அஸீதா நம் சோளக்களியேதான். அந்த மண்ணில் ஒரு தாய் புண்ணாக்கை ஊறவைத்துப் பிள்ளைக்கு ஊட்டினாள் என்றால், அந்தப் பட்டினியை மழையின் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

மழை முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை. மேய்ச்சல் குறையக் குறைய உரசல் கூடும், அது நிஜம். இப்போது தனி நாடாக இருக்கும் தெற்கு சூடானில் பெந்தியு பக்கம் நேர்மாறாக வெள்ளம். 2021 முதல் அகதி முகாமைச் சுற்றித் தண்ணீர், கரை கட்டி வாழ்கிறார்கள். அங்கேயும் மக்களை முதலில் ஊரைவிட்டு விரட்டியது துப்பாக்கிதான்.

பையன் இப்போது டார்ஃபுரிலேயே தவீலா என்ற ஊரில் இருக்கிறான். அல் ஃபாஷரிலிருந்து ஓடிவந்த லட்சக்கணக்கானவர்கள் அங்கேதான் கூடியிருக்கிறார்கள். நடுவில் காலராவும் வந்து போனது. ஒருநாள் ராத்திரி கூப்பிட்டான். சோலார் சப்மெர்சிபிள் ஒன்று இறக்கியிருக்கிறார்களாம், மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. "தலைகீழாகச் சுற்றுகிறது. கரண்டை நிறுத்திவிட்டு மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றிப் போடு" என்றேன். அரைமணி நேரத்தில் வீடியோ வந்தது. முதலில் செம்மண் கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர், மஞ்சள் கேன்கள் வரிசையாக.

வரிசை எப்படி என்று கேட்டேன். "பச்சைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் முதலில். அப்புறம் கிழவிகள். நாங்களெல்லாம் கடைசி, ஒட்டகம் மாதிரி" என்றான்.