டோர் ட்ரிம் ஆடுகிறதா? பசையை எடுக்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய 2005 மாடல் ஜெர்மன் டூ-சீட்டர் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். டிரைவர் பக்கக் கதவின் உள் ட்ரிம் (கதவின் உள்பக்கத்தை மூடும் பலகை) கீழ்ப்பகுதியில் விரல் நுழையும் அளவுக்கு விலகி நிற்கிறது. மேலே, கண்ணாடியை ஒட்டிய விளிம்பில் ரெக்சின் உரிந்து சுருண்டுவிட்டது. மேடு பள்ளத்தில் போனால் கடகடவென்று சத்தம் வேறு. சீட் கவர் கடையில் கேட்டால், "கீழே நாலு ஸ்க்ரூ அடிச்சு, மேலே பசை வச்சு ஒட்டிடலாம்" என்கிறார்கள். சரிதானா? நானே செய்ய முடியுமா? – வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நீங்களே செய்யலாம். ஸ்க்ரூ மட்டும் வேண்டாம். ட்ரிம்மின் முகத்தில் ஓட்டை போட்டு வாஷரோடு இறுக்கினால் அன்றைக்கு ஆட்டம் நிற்கும். சில மாதங்களில் ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள அட்டை நொறுங்கி, ஓட்டை பெரிதாகி, பழையபடி ஆடும். அதைவிட முக்கியம், அந்த ஸ்க்ரூ முனைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. கண்ணாடி இறங்கும் பாதையும் வயரிங்கும் அங்கேதான் ஓடுகின்றன. சில டூ-சீட்டர்களில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டில் இல்லாமல் கதவுக்குள்ளேயே இருக்கும்.

நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. கீழே விலகுவது, ட்ரிம்மைக் கதவுத் தகட்டோடு பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கிளிப் சம்பந்தப்பட்டது; மேலே உரிவது ரெக்சினுக்கு அடியில் உள்ள ஃபோம் சம்பந்தப்பட்டது. கிளிப் கோளாறைப் பசையால் சரிசெய்ய முடியாது. ட்ரிம்மைக் கதவுத் தகட்டோடு பசை வைத்து ஒட்டிவிட்டால், நாளைக்குக் கண்ணாடி மோட்டார் போகும்போது மெக்கானிக் அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கழற்றுவதற்கு முன் பேட்டரி விஷயம். இந்த வகைக் கார்களில் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்கி, மூடியதும் ஏறி ரப்பருக்குள் உட்காரும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் அது இறங்காது. அப்படியே கதவை இழுத்தால் ரப்பர் கிழியும், கண்ணாடியும் போகலாம். அதனால் முதலில் கண்ணாடியை ஒரு சாண் இறக்கிவிட்டு, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். பேட்டரி டிக்கிக்குள் இருந்தால் டிக்கியை மூடிவிடாதீர்கள். மின்சார லாக் என்றால் பிறகு திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். டெர்மினலைக் கழற்றிப் பத்து நிமிடமாவது கழித்துத்தான் கதவில் கை வைக்க வேண்டும். ஏர்பேக் சர்க்யூட்டில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிய அந்த நேரம் தேவை. உங்கள் காரின் மேனுவலில் இதைவிட அதிக நேரம் சொல்லியிருந்தால் அதையே கடைப்பிடியுங்கள். உள்ளே மஞ்சள் நிறக் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) தெரிந்தால் அது ஏர்பேக்குக்குப் போவது. மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பதெல்லாம் அங்கே கூடாது.

பிளாஸ்டிக் பட்டை வடிவ ட்ரிம் டூல், கவட்டை போன்ற கிளிப் எடுக்கும் டூல், டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட் செட் இருந்தால் போதும். தட்டைத் திருப்புளியை வைத்து நெம்பினால் பெயின்ட் போகும், அட்டையும் குழியும்.

ஸ்க்ரூக்கள் எப்போதும் மறைந்தே இருக்கும். கைப்பிடிப் பள்ளத்தின் அடியில் ஒரு சின்ன மூடி, உள் கைப்பிடியைச் சுற்றியுள்ள கிண்ணம், கண்ணாடி மூலையில் இருக்கும் முக்கோண மூடி, ஸ்பீக்கர் கிரில்லின் ஓரம், ஏர்பேக் என்று எழுதிய சின்ன பிளேட்டின் அடி ஆகிய இடங்களில் தேடுங்கள். எல்லா ஸ்க்ரூவையும் எடுத்த பிறகுதான் நெம்ப வேண்டும். கீழ் மூலையில் தொடங்கி, ஒவ்வொரு கிளிப்பையும் அதன் பக்கத்திலேயே டூலை நுழைத்து எடுங்கள். கிளிப் ஓரிடத்தில் இருக்க, அரை அடி தள்ளி இழுத்தால் கிளிப் கதவிலேயே நின்றுவிடும். அட்டை கிழிந்து கையோடு வரும். சுற்றிலும் விட்ட பிறகு ட்ரிம்மை நேராக இழுக்காமல் மேலே தூக்குங்கள். கண்ணாடி ஓரத்தில் அது கொக்கிபோல் மாட்டியிருக்கும். தூக்கியதும் ஒரு சாணுக்கு மேல் வெளியே இழுக்க வேண்டாம்; கைப்பிடி கேபிளும் கப்ளர்களும் பின்னால் இழுபட்டுக்கொண்டிருக்கும். கப்ளர்களைப் பிரிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரிம்மைக் கட்டில் மேல் கவிழ்த்துப் போட்டதும் காரணம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். கிளிப்பின் காளான் தலை உட்காருவதற்கென்று ட்ரிம்மின் பின்னால் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சின்னக் கூடு இருக்கும். அதில் சாவித்துளை வடிவத்தில் வெட்டு. கிளிப் அந்த வெட்டில் பக்கவாட்டில் நழுவி மாட்டிக்கொள்கிறது. பழைய காரில் உடைவது பாதி நேரம் கிளிப் அல்ல, இந்தக் கூடுதான். இதைக் கவனிக்காமல் பத்துப் புதுக் கிளிப் வாங்கி மாட்டுபவர்கள், 'ஒரிஜினல் கிளிப் போட்டும் ஆடுதே' என்று புலம்புவார்கள்.

கூடு நன்றாக இருந்து கிளிப் மட்டும் உடைந்திருந்தால் வேலை சுலபம். ஒரு கதவுக்குப் பொதுவாக ஏழிலிருந்து பத்து கிளிப் வரை இருக்கும். உடைந்தது இரண்டுதான் என்றாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இருபது வருட நைலான், அடுத்த முறை கழற்றும்போது எப்படியும் உடையும். கடையில் மூன்று அளவு கேட்பார்கள்: கதவுத் தகட்டில் உள்ள துளையின் விட்டம், காளான் தலையின் விட்டம், தண்டின் நீளம். துளை பெரும்பாலும் 7 முதல் 9 மி.மீ.க்குள் இருக்கும். அரை மி.மீ. குறைந்தாலும் கிளிப் பிடிக்காது. முழுசான பழைய கிளிப் ஒன்றைக் கையில் எடுத்துப்போவதுதான் நல்லது. கிருஷ்ணகிரியில் கிடைக்கவில்லை என்றால் சுமார் 90 கி.மீ.யில், கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூர் ஜே.சி. ரோடு இருக்கிறது. கிளிப்பின் கழுத்தில் ரப்பர் அல்லது ஃபோம் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் வராமல் தடுப்பதும் சத்தத்தை அடக்குவதும் அதுதான். வளையம் இல்லாத கிளிப்பை எடுக்காதீர்கள்.

கூடு உடைந்திருந்தால், ட்ரிம் எதனால் ஆனது என்று பார்த்துத்தான் வைத்தியம். பின்பக்கத்தில் எங்காவது பிளாஸ்டிக்கின் பெயர் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் (ABS) என்றிருந்தால் நல்ல காலம். 80-ம் நம்பர் சாண்ட் பேப்பரால் சொரசொரப்பாக்கி, அரால்டைட் போல இரண்டு டியூபைக் கலந்து பூசும் எபாக்ஸி வைத்தால் பிடித்துக்கொள்ளும். பிபி (PP, பாலிபுரொப்பிலீன்) என்றிருந்தால் எபாக்ஸி, சூப்பர் குளூ எதுவுமே நிற்காது. பார்க்க ஒட்டியதுபோல் இருக்கும், நகத்தால் நெம்பினால் தகடாகப் பெயர்ந்து வரும். அதற்கு பிளாஸ்டிக் வெல்டிங்தான் வழி. சால்டரிங் அயர்ன் முனையால் இரண்டு பக்கமும் உருக்கி, அதே பிபி குச்சியை ஊட்ட வேண்டும். பம்பர் ஒட்டும் கடைக்காரர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். உடைந்த கூட்டை மட்டும் அவர்களிடம் காட்டலாம். நீங்களே செய்தால் வாசலில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். முகப்பு ரெக்சின் பக்கம் சூடு போய்விடாமல் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள்.

மரத்தூள் அட்டையாக இருந்து, ஈரத்தில் ஊதிப்போயிருந்தால் கூடு இருந்த இடமே மாவாகியிருக்கும். மாவைச் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, தண்ணீர் பதத்தில் இருக்கும் எபாக்ஸியை ஊறவிட்டு இறுகச் செய்யுங்கள். அதன்மேல் ஒன்றரை மி.மீ. ஏபிஎஸ் தகட்டில் சாவித்துளை வெட்டி ஒட்டலாம். கிளிப் தலை பழைய உயரத்திலேயே உட்கார வேண்டும். ஒரு மி.மீ. கூடினாலும் அந்த இடத்தில் ட்ரிம் கதவோடு படியாமல் சந்து விடும். இடம் தவறாமலிருக்கக் கிளிப்புகளை முதலில் கதவின் துளைகளில் செருகி, தலைகளில் பற்பசையை ஒரு புள்ளி வைத்து, ட்ரிம்மை லேசாக அழுத்தி எடுங்கள். அட்டையில் விழும் வெள்ளைப் புள்ளிதான் மையம்.

ஹாட் குளூ கன் மட்டும் வேண்டவே வேண்டாம். ஏப்ரல், மே வெயிலில் நிறுத்திய காரின் உள்பக்கம் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டில் ஹாட் குளூ இளகிப் பிடி விட்டுவிடும்.

இனி மேல் விளிம்பு. ரெக்சினுக்கும் அட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று மி.மீ. ஃபோம் இருக்கும். அது வயதாகி, வெயிலிலும் ஈரத்திலும் உதிர்ந்து ஆரஞ்சு நிறத் தூளாகிவிடும். தூளின் மேல் எந்தப் பசை போட்டாலும் பசை தூளைத்தான் பிடிக்கும், ரெக்சின் மறுபடி எழும். உரிந்த இடம் வரை ரெக்சினைத் தூக்கி, நைலான் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தேய்த்து, வாக்குவம் போட்டு எடுங்கள். கம்பி பிரஷ் ரெக்சினின் துணி முதுகைக் கிழித்துவிடும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவும். மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். பெயின்ட் கடைத் தின்னர் ஏபிஎஸ்ஸை உருக்கும், அதைத் தொடாதீர்கள்.

அடுத்து, எந்தப் பசை என்பது. மரக்கடைகளில் சன்மைக்கா ஒட்டும் ரப்பர் பசை கையில் சுலபமாகக் கிடைப்பதால் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். அதில் இரண்டு சிக்கல். ஒன்று, சாதாரண வகை வெயிலில் இளகும். இரண்டு, ரெக்சினை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்து மெல்லக் கசிந்து, நியோபிரீன் வகைப் பசையைக் கொழகொழப்பாக்கிவிடும். ஒட்டி ஆறு மாதம் கழித்து ஓரம் எழுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். கார் கூரைத் துணி ஒட்டுவதற்கென்று விற்கும், அதிகச் சூடு தாங்கும் ஸ்பிரே, அல்லது வினைலுக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும் நைட்ரைல், பாலியூரிதேன் வகைப் பசை வாங்குங்கள். டப்பாவில் எத்தனை டிகிரி தாங்கும் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சு, உடனே ஒட்டக்கூடாது. டப்பாவில் பத்துப் பதினைந்து நிமிடம் என்றிருந்தால் நம் ஊர் மே மாதத்தில் அதில் பாதியிலேயே தயாராகிவிடும். விரல் முட்டியால் தொட்டுப் பாருங்கள்: பிசுபிசுக்க வேண்டும், நூல் இழுக்கக்கூடாது. ஈரமாக ஒட்டினால் உள்ளே சிக்கிய சால்வென்ட் அடுத்த வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் போடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலரால் அழுத்துங்கள். வளைவுகளில் ஹேர் டிரையரால் ரெக்சினை இளக்கிக்கொண்டு படியவைக்கலாம். மேற்பரப்பு பளபளக்க ஆரம்பித்தால் சூடு அதிகம். ஒரு நாள் முழுக்கக் கிளாம்ப் அல்லது மாஸ்க்கிங் டேப் போட்டு, நிழலில் விட்டுவிடுங்கள்.

ரெக்சின் நாலைந்து மி.மீ. சுருங்கி ஓரத்துக்கு எட்டவில்லை என்றால் பிடித்து இழுத்து ஒட்டாதீர்கள். அது தன் இழுப்பாலேயே மறுபடி கழன்றுவிடும். பின்பக்கம் மடித்து ஒட்டிய விளிம்பைப் பிரித்தால் கொஞ்சம் தளர்வு கிடைக்கும். அதுவும் போதாவிட்டால் மேல் பகுதிக்குப் புது ரெக்சின் போட வேண்டியதுதான். 54 அங்குல அகலத்தில் ஒரு மீட்டர் வாங்கினால் இரண்டு கதவின் மேல் பகுதிக்கும் போதும். எல்லாப் பக்கமும் இழுபடும், பின்னல் துணி முதுகு வைத்த ரகமாகக் கேளுங்கள். சாதாரண சீட் ரெக்சின் வளைவில் சுருக்கம் விழும். இந்த வேலையைச் சீட் கவர் கடையில் கொடுப்பதில் தப்பில்லை. கழற்றிய ட்ரிம்மை மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள், காரை விடாதீர்கள்.

ட்ரிம்மைத் திரும்ப மாட்டுமுன், கதவில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைப் பாருங்கள். பழைய மெக்கானிக் யாராவது கிழித்து எறிந்திருந்தால் உங்கள் அட்டை ஊதியதற்கு அதுவே காரணம். கண்ணாடி ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது எல்லாக் காரிலும் நடப்பதுதான். அந்த ஷீட்தான் தண்ணீரை ட்ரிம் பக்கம் விடாமல் கீழே வடிகால் துளைக்குத் திருப்புகிறது. கனமான பாலித்தீன் ஷீட் வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பிசின்போல் ஒட்டும் ரப்பர் பட்டை) சுற்றிலும் இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை ஒரு டேக் வயர் நுழைத்துச் சுத்தம் செய்யுங்கள். கிரானைட் லாரி ஓடும் சாலைகளில் போகிற காரில் கிரானைட் தூள் தண்ணீரோடு சேர்ந்து அங்கே கெட்டியாகியிருக்கும். பிறகு கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எல்லாம் கதவின் அடிவழியே வெளியேற வேண்டும். ஷீட்டின் ட்ரிம் பக்கம் ஒரு சொட்டுகூடத் தெரியக்கூடாது.

கடகட சத்தத்துக்கும் இதுதான் தருணம். கதவுக்குள் கையைவிட்டு லாக் ராடு, கேபிள், தொங்கும் கப்ளர், ஸ்பீக்கர் ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் அசைத்துப் பாருங்கள். தகட்டில் இடிக்கும் எதற்கும் வயரிங்குக்குச் சுற்றும் துணி டேப்பைச் சுற்றலாம். பிவிசி இன்சுலேஷன் டேப் சூட்டில் கொழகொழத்துக் கழன்றுவிடும்.

மாட்டும்போது கைப்பிடி கேபிளும் கப்ளர்களும் முதலில், பிறகு மேல் கொக்கி, கடைசியில் கிளிப்புகள். எந்தக் கப்ளரும் பிரிந்து கிடக்கும்போது பேட்டரியை இணைத்துச் சாவியைப் போடாதீர்கள். ஏர்பேக் விளக்கு எரியும், ஸ்கேனர் இல்லாமல் பெரும்பாலும் அணையாது. ஒவ்வொரு கிளிப்பும் துளைக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து உள்ளங்கையால் தட்டினால் 'டக்' என்று உட்காரும். உட்காராத கிளிப்பை முஷ்டியால் குத்தினால் மடங்கிவிடும், எடுத்து நிமிர்த்தி மறுபடி வையுங்கள். ஸ்க்ரூக்களைக் கையால் மட்டும் இறுக்குங்கள்.

கதவை மூடுவதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். கதவு திறந்திருக்கும்போதே, லாக்கின் நாக்கைத் திருப்புளியால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, உள் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். நாக்கு விடுபட்டால் கேபிள் சரியாக மாட்டியிருக்கிறது. வெளிக் கைப்பிடியால் அதைத் திறந்து வைத்துவிட்டு மூடலாம். பேட்டரியை இணைத்த பின் கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஸ்விட்சைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கார்களில் கண்ணாடி தன் எல்லையை மறுபடி பழகிக்கொள்ளும். அதன் பிறகு கதவைத் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் போய்விட்டதா என்று நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தால் தெரியாது. ஊருக்குள் வேகத்தடைகள் உள்ள தெருவில், கண்ணாடியை ஏற்றி, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு 20 கி.மீ. வேகத்தில் போங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக் கதவை உள்ளங்கையால் இடம் மாற்றி மாற்றி அழுத்தச் சொல்லுங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ, அங்கே உள்ள கிளிப் இன்னும் பிடிக்கவில்லை.