மச்சான் கொண்டு வந்த வேப்

அண்ணனுக்கு வணக்கம்.

எனக்கு 43 வயது. தக்கலைப் பக்கம் வீடு. டெம்போ ஓட்டுகிறேன், வாழைக்குலை லோடு. 22 வருடமாக நாளுக்கு ஒரு பாக்கெட், இருபது சிகரெட். துபாயிலிருந்து லீவில் வந்த மச்சான் ‘இதைப் பிடியும், அதை விட்டுரலாம்’ என்று வேப் என்கிற மின்சிகரெட் ஒன்று தந்தான். நாலு மாதம் ஆகிறது. இப்போது சிகரெட் ஒன்றே ஒன்றுதான், விடியக்காலம் வடசேரி சந்தையில் லோடு இறக்கினதும். இருமல் குறைந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்காரி ‘பேய் போய் பிசாசு வந்திருக்கு’ என்கிறாள். நான் விட்டவனா, இல்லையா? நீங்களும் ஒரு காலத்தில் சிகரெட் பிடித்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எம்., தக்கலை

அன்புள்ள எம்.,

இன்னும் விடவில்லை. வடசேரியில் ஒன்று பாக்கி இருக்கிறதே. இருபதை ஒன்றாகக் குறைத்தால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இதயம் அந்தக் கணக்குக்கு மசியாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் ஆய்வாளர்கள் சொன்னது இது: நாளுக்கு இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது. அந்த ஒரு சிகரெட்டைத்தான் முதலில் தூக்க வேண்டும். வேப்பை இப்போதைக்குக் கையில் வைத்துக்கொண்டே தூக்கலாம்.

உங்கள் வீட்டுக்காரி சொல்வது பாதி சரி. நிகோடின் ஆளைப் பிடித்து வைக்கும். கொல்வது பெரும்பாலும் எரியும் புகை. தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் புகையிலை எரிவதில் வருகிறவை. வேப்பில் எதுவும் எரிவதில்லை, ஒரு திரவம் சூடாகி ஆவியாகிறது. உங்கள் இருமல் குறைந்தது அதனால்தான் இருக்கும். அதற்காக அந்த ஆவி மலைக்காற்று ஆகிவிடாது. நீண்ட காலத்தில் அது என்ன செய்யும் என்று பார்க்க, இன்னும் முப்பது நாற்பது வருடம் இழுத்த ஆட்களே கிடையாது. புகைக்காத ஒருவன் அதைத் தொட ஒரு காரணமும் இல்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கைக்கு எட்டாமல் வையுங்கள். திரவத்தைக் குடித்தால் விஷம்.

பிரிட்டனில் 886 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2019-ல் வெளியானது. பாதிப்பேருக்கு வேப், மற்றவர்களுக்கு நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை மாதிரியான மாற்றுகள். இரு கூட்டத்துக்கும் வாராவாரம் நேரில் ஆலோசனை. ஒரு வருடம் கழித்து சிகரெட்டை விட்டிருந்தவர்கள் வேப் பக்கம் நூற்றுக்கு 18 பேர், மறுபக்கம் பத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் மச்சான் சொன்னது வெறும் புளுகு இல்லை. ஆனால் அதே ஆய்வறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. வேப்பால் விட்டவர்களில் நூற்றுக்கு 80 பேர் அந்த ஒரு வருட முடிவிலும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் விட்டவர்களில் மாற்றைத் தொடர்ந்தவர்கள் நூற்றுக்கு 9 பேர்தான். சிகரெட்டிலிருந்து இறங்க வேப் உதவும். வேப்பிலிருந்து இறங்க நீங்கள்தான் ஒரு தேதி குறிக்க வேண்டும்.

பிரிட்டனில் இழுப்பவருக்கு இல்லாத தலைவலி ஒன்று உங்களுக்கு உண்டு. இங்கே 2019 முதல் வேப் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாம் தடை. இழுப்பதைக் குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. மச்சான் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது குற்றம், முதல் முறையே ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். (நுரையீரலைச் சுடும் சிகரெட் வெற்றிலை முறுக்கான் கடையில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதைப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.) இந்த வேப் தீர்ந்தால் களியக்காவிளையிலோ எங்கேயோ யாரோ ஒளித்துத் தருவதைத்தான் வாங்குவீர்கள். உள்ளே என்ன ஊற்றியிருக்கிறான் என்று கேட்க ஆள் கிடையாது. கையில் இருப்பதன் உறையையும் பாருங்கள். 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் நிகோடின். பிரிட்டன் அனுமதிப்பது 20 வரைதான்.

அதனால் இது தீரும்போது இன்னொன்று வேண்டாம், நிகோடின் சூயிங்கத்துக்கு மாறுங்கள். 2 மில்லிகிராம் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும். நான் விட்டது அதில்தான், மூன்றாவது முயற்சியில். முதல் இரண்டு முறை கையில் டீயோடு அதைச் சவச்சவ என்று மென்றேன். விக்கல் வந்ததுதான் மிச்சம். பிறகு நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடைப் பெரியவர் கேட்டார்: “முறுக்கான் போட்ட ஆளுவள பாத்ததில்லியா? நாலு கடி கடிக்கணும், காரம் ஏறினா கன்னத்துல ஒதுக்கணும். அடங்கினா மறுபடி நாலு கடி.” நிகோடின் கன்னத்துத் தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், விழுங்கினால் வயிறுதான் எரியும். டீ, காப்பி குடித்துக் கால் மணி நேரமாவது கழித்துப் போடுங்கள். வாய் புளிப்பாக இருந்தால் ஏறாது. சிகரெட் மாதிரி பத்து நொடியில் தலைக்கு ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள், அரைமணி நேரம் ஆகும். சந்தைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போட்டால் பிந்திவிடும். பார்வதிபுரம் தாண்டும்போதே வாயில் இருக்கட்டும்.

ஏற்கெனவே நெஞ்சுவலியோ இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சூயிங்கத்தைத் தொடாதீர்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போனால் விடுவதற்கான மாத்திரைகள் பற்றியும் கேட்கலாம். 1800-11-2356 என்ற இலவச எண்ணும் உண்டு. புதிதாகத் தேட வேண்டாம், 2018-லிருந்து நீங்கள் வாங்கிய பாக்கெட்டிலெல்லாம் அச்சடித்திருக்கிறது.

சந்தையில் கடைத் தூணில் புகைந்துகொண்டு தொங்கும் கயிறு எனக்கும் தெரியும். தலையைச் சாய்த்து அந்தக் கங்கில் பற்ற வைக்கிற முதல் இழுப்பை வேப் உங்களுக்குத் தரவில்லை, சூயிங்கமும் தராது. லோடு இறக்கினதும் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள், அந்தக் கடையைத் தாண்டாமல் வெளியே வர வழி இருக்கிறதா என்று எழுதுங்கள்.