ஒரே பெட்டி, ஒரே மூட்டை

கேள்வி (வாசகர், திண்டுக்கல்): அடிமை முறையை ஒழித்த கையோடு, 1868-லேயே 'சட்டத்தின் முன் எல்லோரும் சமம்' என்று அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டது அமெரிக்கா. அப்புறமும் நிறவெறி போகவில்லையே? வெள்ளைக்காரர்களே அப்படித்தானோ?

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. நம்மவர்கள் என்றால் நல்லவன், கஞ்சன், கோமாளி என்று ஆளுக்கொரு முகம் தெரியும். வெளியாட்கள் என்றால் மட்டும் எல்லோரும் ஒரே மூட்டை!

ஜான் மார்ஷல் ஹார்லனை எந்த மூட்டையில் கட்டுவீர்கள்? கென்டக்கிக்காரர். அடிமைகளை வைத்திருந்த குடும்பம். அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தத்தையே முதலில் எதிர்த்தவர். பிற்பாடு மனம் மாறி, உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஆனார். அங்கே வந்தது ஹோமர் பிளெஸ்ஸி வழக்கு. 1892-ல் லூசியானாவில் வெள்ளையர் ரயில் பெட்டியில் உட்கார்ந்து கைதானவர் பிளெஸ்ஸி. எட்டில் ஒரு பங்குதான் கறுப்பு வம்சம். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தனிப்பெட்டி வைத்தாலும் சமம்தான் என்று 1896-ல் ஏழு நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். 'நம் அரசியல் சட்டம் நிறம் பார்ப்பதில்லை' என்று மறுத்து எழுதியவர் ஹார்லன் ஒருவரே.

இதோடு நிறுத்தியிருந்தால் அவருக்குச் சிலை வைக்கலாம். அதே மறுப்புரையில் கொஞ்சம் தள்ளிப் படித்தால், சீனர்கள் நம்மிலிருந்து ரொம்பவே வேறுபட்ட இனம், குடியுரிமைகூடத் தருவதில்லை என்கிறார். அப்பேர்ப்பட்ட சீனன் வெள்ளையரோடு ஒரே பெட்டியில் போகலாம், கறுப்புக் குடிமகன் போகக்கூடாதா என்பது அவர் வாதம். ஒருவனைத் தூக்கிவிட இன்னொருவன் தோளை மிதிக்கிறார்.

இரண்டே வருடத்தில் வோங் கிம் ஆர்க் வழக்கு. சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவிலேயே பிறந்த சமையல்காரர். 1895-ல் சீனா போய்த் திரும்பியவரைக் கரையிறங்க விடாமல் மாதக்கணக்கில் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். இந்த மண்ணில் பிறந்தவர், நீங்கள் சொன்ன அந்த 1868-ம் வருட 14-வது திருத்தப்படி குடிமகனே என்று ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மறுத்தவர்கள் இருவர். அதில் ஒருவர் யாரென்று நான் சொல்ல வேண்டுமா? நிறம் பார்க்காத அதே ஹார்லன்!

ஜெயித்த வோங்குக்காவது நிம்மதி கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. 1901-ல் டெக்சாஸின் எல் பாசோவில், இந்த நாட்டில் இருக்க உரிமையில்லாத சீனன் என்று சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர் பெயரிலேயே அச்சாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் மீதான வழக்கு தள்ளுபடியாக அப்புறமும் சில மாதம் பிடித்தது.