தலைக்கு மேல் விரையும் நிலையத்துடன் இடையறாத பேச்சு

கேள்வி: எங்கள் புளோக்கின் மேல்மாடியில் நின்று, அனைத்துலக விண்வெளி நிலையம் கடந்து போவதை மகனுடன் பார்த்தேன். ஐந்தாறு நிமிடங்களில் மறைந்துவிட்டது. அவ்வாறிருக்க, அதிலுள்ள வீரர்களுடன் நீண்ட நேரம் தொடர்ந்து பேசுவது எப்படி? உலகெங்கும் தரைநிலையங்கள் அமைத்திருக்கிறார்களா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: தரைநிலையங்களை மட்டும் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் நிலையம், எந்த ஓர் இடத்தின் வானிலும் அதிகம் போனால் பத்து நிமிடங்களே இருக்கும். பரந்த கடல்களின் நடுவிலோ தரைநிலையம் அமைக்க வழியில்லை. அதனால் தொடக்கக்கால விண்ணோடங்கள் ஒவ்வொரு சுற்றிலும் 15 விழுக்காட்டு நேரம் அளவுக்கே தரையுடன் தொடர்பில் இருந்தன.

அருகில் பறப்பதுடன் பேச, தொலைவில் நிற்பதன் துணையை நாடியதே இதற்குக் கண்ட தீர்வு. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் சுழற்சியோடு இணைந்து சுற்றும் செயற்கைக்கோள், நமக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அங்கிருந்து பார்த்தால் பூமியின் ஏறக்குறைய பாதியும், அதற்கு மேல் தாழப் பறக்கும் கலங்களும் தெரியும். விண்வெளி நிலையம் தன் அலைவாங்கியைக் கீழே திருப்பாமல் மேலே இருக்கும் இந்தத் தரவு அஞ்சல் செயற்கைக்கோளை நோக்கித் திருப்புகிறது. அது செய்தியை வாங்கி, நியூ மெக்சிகோவில் உள்ள ஒயிட் சாண்ட்ஸ் அல்லது குவாம் தரைநிலையத்துக்கு அனுப்புகிறது. ஓர் அஞ்சல் செயற்கைக்கோளின் பார்வையிலிருந்து கலம் மறையும்போது அடுத்த செயற்கைக்கோள் பொறுப்பேற்றுக்கொள்ளும். சுற்றுவழி என்பதால் குரல் வந்து சேரக் கால் விநாடி அளவு தாமதமாகும், அவ்வளவுதான்.

நாசாவின் இத்தகைய முதல் செயற்கைக்கோள் 1983 ஏப்ரலில் சேலஞ்சர் விண்ணோடத்தில் சென்றது. அதை மேலே உயர்த்த வேண்டிய ராக்கெட் பழுதாகித் தவறான பாதையில் விட்டுவிட, பொறியாளர்கள் அதன் மிகச் சிறிய உந்துபொறிகளைப் பல வாரங்கள் சிறிது சிறிதாக இயக்கி, ஜூன் இறுதியில் உரிய உயரத்தில் சேர்த்தார்கள். அந்தப் பொறுமையை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன். 1986 ஜனவரி 28 அன்று ஏழு வீரர்களின் உயிரைப் பறித்த சேலஞ்சர் விபத்தில், அதில் ஏற்றப்பட்டிருந்த இரண்டாவது செயற்கைக்கோளும் அழிந்தது. ஆயினும் திட்டம் தொடர்ந்தது. ஹபிள் தொலைநோக்கியின் படங்களும் இவ்வழியாகவே நம்மை எட்டுகின்றன. 2008இல் சீனாவும் தியன்லியன் என்ற பெயரில் தன் முதல் அஞ்சல் செயற்கைக்கோளை ஏவியது.

உங்கள் மகனுக்குச் சொல்ல நம் ஊர்ச் செய்தியும் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வெலாக்ஸ்-2 என்ற சிறிய செயற்கைக்கோள் 2015 டிசம்பர் 16 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. சிங்கப்பூருக்கு மேல் வரும்வரை காத்திராமல், உயரே நிற்கும் வணிகத் தொடர்புச் செயற்கைக்கோள்கள் வழியாக வேண்டிய நேரத்தில் தரையுடன் பேச முடியுமா என்பதைச் சோதிப்பதே அதற்கு இடப்பட்ட பணி.